முழங்கால் மாற்று ஒப்பரேசனில் கொம்பியூட்டரும் ரோபோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். முழங்கால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஆட்கள் என்னிடம் வருவார்கள். டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்ட கேள்விகளை இங்கே வந்து கேட்பார்கள். முன்பெல்லாம் "நடக்க ஏலுமோ, இருக்க ஏலுமோ" என்றுதான் கேட்டார்கள். இப்போது பாதிப்பேர் ரோபோ பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இங்கே இருப்பது பொதுவான விளக்கம்தான். உங்கள் காலைப் பார்த்த டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே எடுங்கள்.

முழங்கால் மாத்துறது எண்டால் முழு மூட்டையும் வெட்டி எறிஞ்சிட்டு இரும்பு வைக்கிறதோ?

இல்லை. தொடை எலும்பின் கீழ் நுனியையும் கணைக்கால் எலும்பின் மேல் நுனியையும், தேய்ந்த பரப்பு போகும் அளவுக்கு, ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீற்றர் சீவி எடுப்பார்கள். மேலே ஓர் உலோக மூடி, கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் கடினமான பொலிஎதிலீன் துண்டு. மூடி பெரும்பாலும் கொபால்ட்-குரோமியக் கலப்புலோகம். தட்டு அதுவாகவோ டைட்டேனியமாகவோ இருக்கும். எலும்போடு பிடிக்க எலும்புச் சீமெந்து பூசுவார்கள். முழங்கால் சில்லின் பின்பக்கத்துக்கும் சில டொக்டர்மார் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள்.

எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் பக்கச் சவ்வுகளும் தசையும் உங்களுடையவைதான். அவற்றின் இழுவைதான் புதிய மூட்டை ஆடாமல் பிடித்து வைத்திருக்கும். இதை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்களுக்குத் தேவைப்படும்.

எக்ஸ்ரேயில தேஞ்சு போச்சு எண்டு சொன்னவை. உடன செய்ய வேணுமோ? எண்ணெய், புக்கை ஒண்டும் சரிவராதோ?

எக்ஸ்ரேக்கு ஒப்பரேசன் செய்வதில்லை, ஆளுக்குத்தான் செய்வது. படத்தில் மோசமாகத் தேய்ந்த முழங்காலோடு சந்தைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் நித்திரையைக் கெடுக்கிற நோவு, கடைத்தெரு வரைக்கும் நடக்க முடியாத நிலை, குளிசைகளும் பயிற்சியும் எடை குறைப்பும் சில மாதம் பார்த்தும் பயன் இல்லை என்ற கட்டம். அப்போதுதான் பேச்சு எடுக்க வேண்டும்.

எண்ணெய் பூசி உருவினால் தசை இளகும், சுகமாக இருக்கும், நான் தடுக்கமாட்டேன். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் திரும்ப முளைக்காது. புக்கை கட்டித் தோல் வெந்து, கொப்புளம் போட்டு வருகிறவர்கள்தான் எனக்குக் கவலை. தோலில் புண் இருந்தால் ஒப்பரேசனைத் தள்ளிப் போடுவார்கள். திகதி குறித்தாகிவிட்டது என்றால் புக்கையைத் தொடவே வேண்டாம்.

அப்ப கொம்பியூட்டர் எங்க வருது?

சீவுகிற கோணத்தைப் பார்க்க வருகிறது. இடுப்பு மூட்டின் நடு, முழங்காலின் நடு, கணுக்காலின் நடு மூன்றும் ஒரே கோட்டில் விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. அந்தக் கோட்டிலிருந்து 3 பாகைக்கு மேல் விலகினால் பாரம் ஒரு பக்கமாக விழுந்து, பொலிஎதிலீன் துண்டு சீக்கிரம் தேயலாம் என்று நீண்ட காலமாக நம்பி வந்தார்கள். மேசன் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது போன்ற வேலை இது. ஆனால் இடுப்பு மூட்டு தசைக்குள் ஆழமாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது.

வழமையான முறையில் தொடை எலும்பின் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, அதை வழிகாட்டியாக வைத்து வெட்டுவார்கள். அனுபவமுள்ள கைக்கு இது நன்றாகவே வரும். கொம்பியூட்டர் முறையில் அந்தக் கம்பிக்குப் பதிலாகக் கமெரா கோட்டை அளந்து திரையில் காட்டும். வெட்டும் முன் "இத்தனை பாகை, இத்தனை மில்லிமீற்றர்" என்று எழுத்தில் தெரியும். வெட்டிய பிறகும் சரிபார்க்கலாம்.

அதுக்கு என்ரை கால் எப்பிடித் தெரியும்? ஸ்கான் எடுக்க வேணுமோ?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். படம் தேவையில்லாத முறையில், தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் மெல்லிய உலோக முளைகளை இறக்கி, அவற்றில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறிய உருண்டைகளைப் பொருத்துவார்கள். அகச்சிவப்புக் கமெரா அந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். டொக்டர் உங்கள் காலைத் தூக்கி வட்டமாகச் சுழற்றுவார். அந்தச் சுழற்சியை வைத்து இடுப்பின் மையம் எங்கே என்று கொம்பியூட்டர் கணக்குப் போடும். பிறகு ஒரு கூர்முனைக் கோலால் கணுக்காலின் இரு பக்க மொழிகளையும், முழங்காலின் மேற்பரப்பில் பல இடங்களையும் தொட்டுக் காட்டுவார். அதோடு உங்கள் காலின் உருவம் திரையில் வந்துவிடும்.

இன்னொரு முறையில் முன்கூட்டியே சீ.ரி. ஸ்கான் எடுத்து, அதிலிருந்து முப்பரிமாண உருவம் செய்து, எந்த அளவு மூட்டு, எங்கே வெட்டு என்று முதலே திட்டம் போடுவார்கள். கதிர்வீச்சு கொஞ்சம் உண்டு. முழங்கால் மாற்றுகிற வயதில் அதைப் பெரிய விஷயமாக நான் எடுக்கமாட்டேன். எந்த முறையானாலும் ஒன்று: தொட்டுக் காட்டிய இடம் பிழை என்றால் திரையில் வரும் எண்ணும் பிழைதான். தொட்டுக் காட்டுவது டொக்டரின் கை.

நவிகேசனும் ரோபோவும் ஒண்டுதானே?

உறவுக்காரர், ஆனால் ஒன்றல்ல. நவிகேசன் என்பது மேலே சொன்ன கமெராவும் கொம்பியூட்டரும் சேர்ந்த முறை. அது அளந்து காட்டும், வெட்டுவது முழுக்க டொக்டர். ரோபோ அளப்பதோடு நிற்காமல் வெட்டும் இடத்தையும் கட்டுப்படுத்தும். சில ரோபோக்கள் வாளுக்கு வழிகாட்டும் அச்சுக்கட்டையைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ப் பிடிக்கும். சிலவற்றில் வாளை டொக்டர் பிடித்திருப்பார். திட்டமிட்ட எல்லைக்கு வெளியே போகப் பார்த்தால் கை இறுகும் அல்லது வாள் நின்றுவிடும். வேறு சில, டொக்டர் மேற்பார்வையில் தாங்களே எலும்பைச் சீவும்.

இது நேற்று வந்த பொருளும் அல்ல. அமெரிக்காவின் சக்ரமென்டோவில் 1992இல் இடுப்பு மாற்று ஒப்பரேசனுக்கு ரோபோவைப் பயன்படுத்தினார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1997இல் நவிகேசன் வைத்து முழங்கால் மாற்றினார்கள். இப்போது விளம்பரங்களில் நிறையப் பார்க்கும் மாக்கோ ரோபோவுக்கு முழு முழங்கால் மாற்றுக்கான அமெரிக்க அனுமதி 2015இல் கிடைத்தது.

ரோபோ தானாச் செய்யேக்க டொக்டர் தேத்தண்ணி குடிக்கப் போவாரோ?

சிரித்துக்கொண்டு கேட்டாலும் பயந்துதான் கேட்கிறார்கள். போகமாட்டார். தோலைத் திறப்பது, தேய்ந்த விளிம்பு எலும்புகளை எடுப்பது, சவ்வுகளின் இழுவையைச் சரிபார்ப்பது, மூட்டின் அளவைத் தெரிவுசெய்வது, சீமெந்து பூசிப் பொருத்துவது, தைப்பது எல்லாம் டொக்டரின் வேலை. ரோபோவின் பங்கு சீவுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான், அதுவும் டொக்டர் அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் ஓடும்.

மகன் கனடாவில இருந்து "ரோபோவில செய்தால்தான் காசு அனுப்புவன்" எண்டு நிக்கிறார். சாதாரணமாச் செய்தால் பழுதாப் போகுமோ?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளைக்கு அம்மாவின் காலைப் பார்க்க முடியாது, விளம்பரத்தைப் பார்க்க முடியும். அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வுகள் சொல்வதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோடு சரியாக விழுகிறதா என்றால், கொம்பியூட்டர் முறையில் 3 பாகைக்கு மேல் விலகிப் போகிறவர்கள் குறைவு. இதில் பெரிய வாதம் இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து "நோவு எப்படி, படி ஏறுவது எப்படி" என்று கேட்டால், இரண்டு குழுவும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் பதில் சொல்கிறார்கள். நீண்ட கால வித்தியாசத்துக்கு, 2015இல் வெளிவந்த அவுஸ்திரேலிய மூட்டுப் பதிவேட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்லலாம். 65 வயதுக்குக் குறைந்தவர்களில், 9 வருடத்துக்குள் திரும்ப ஒப்பரேசன் தேவைப்பட்டவர்கள் நவிகேசன் முறையில் நூற்றுக்கு 6.3, வழமையான முறையில் 7.8. வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னது. வேறு நீண்ட கால ஆய்வுகளில் அதுவும் தெரியவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் முழங்கால் மாற்றுகிற டொக்டர் வழமையான முறையில் செய்வது, ரோபோவை இப்போதுதான் பழகுகிற ஒருவரிடம் போவதை விட நல்லது. இருவரும் ஒரே அனுபவக்காரர், செலவும் தாங்கும் என்றால் ரோபோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மகனுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அனுப்புகிற காசில் ஒரு பங்கு பிசியோதெரபிக்கும், வீட்டில் கொமட் போடவும், ஆறு கிழமை பக்கத்தில் நிற்க ஒரு ஆளுக்கும் போனால் அம்மாவின் கால் அதிகம் மடியும்.

வைச்ச மூட்டு எத்தினை வருசம் நிற்கும்?

2019இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த கணக்கின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்கு 82 அளவில் 25 வருடம் தாண்டியும் நிற்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை கொம்பியூட்டர் இல்லாத காலத்தில் செய்தவை என்பதையும் கவனியுங்கள். 70 வயதில் மாற்றுகிறவருக்கு அந்த மூட்டு ஆயுளுக்கும் போதும் என்று பெரும்பாலும் சொல்லலாம். 50 வயதுக்காரருக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மேலே சொன்ன சின்ன வித்தியாசம் அவர்களுக்குத்தான் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு சண்டைக் காலத்தில ஷெல் பட்டு தொடை எலும்பு முறிஞ்சது. வளைஞ்சு பொருந்தி இருக்கு, உள்ள தகடும் கிடக்கு. அவருக்கு முழங்கால் மாத்த ஏலுமோ?

பெரும்பாலும் ஏலும். கொம்பியூட்டருக்கு உண்மையான மதிப்பு இப்படியான கால்களில்தான் என்று நான் நினைக்கிறேன். வழமையான முறையில் தொடை எலும்பின் குழாய்க்குள் கம்பி விடுவார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? எலும்பு வளைந்து பொருந்தியிருந்தால் கம்பி நேராகப் போகாது. உள்ளே தகடு, திருகாணி, பழைய ஆணி இருந்தால் போகவே போகாது. முதலில் அவற்றை எடுக்க ஒரு ஒப்பரேசன், பிறகு முழங்காலுக்கு இன்னொன்று என்று ஆகிவிடும். நவிகேசனில் குழாய்க்குள் ஒன்றும் விடத் தேவையில்லை. இடுப்பையும் கணுக்காலையும் நேரடியாக அளப்பதால் நடுவில் எலும்பு எப்படி வளைந்திருந்தாலும் கோடு கிடைத்துவிடும். வளைவு மிகவும் கூட என்றால் எலும்பை நிமிர்த்தும் ஒப்பரேசனும் தேவைப்படலாம். அது டொக்டர் முழுக்காலின் நீளப் படத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு.

எங்கள் பக்கத்தில் ஷெல், கண்ணிவெடி, மோட்டார் சைக்கிள் விபத்து என்று பழைய முறிவு இல்லாத வீடு குறைவு. ஆகவே இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்று, அந்தக் காயம் அப்போது சீழ் பிடித்ததா, எலும்பிலிருந்து மாதக்கணக்கில் நீர் வடிந்ததா. முப்பது வருடம் போயிருந்தாலும் சொல்ல வேண்டும். எலும்புக்குள் பழைய கிருமி ஒளிந்திருந்தால் புதிய மூட்டைக் கெடுத்துவிடும். அதற்கு முதலே இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். மற்றது, உடம்பில் எங்கேயாவது ஷெல் துண்டு கிடக்கிறதா. முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஸ்கான் படத்தில் கீறல் கீறலாக ஒளி விழுந்து உருவம் தெளிவில்லாமல் வரலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும் பேச்சு வந்தால் துண்டு எங்கே இருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கால் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. கொம்பியூட்டரால செய்தால் நேரா வருமோ?

வழமையான முறையிலும் நேராக வரும். ஆனால் எவ்வளவு நேராக வேண்டும் என்பதில் டொக்டர்மாருக்குள்ளேயே இப்போது இரண்டு கருத்து இருக்கிறது. பெல்ஜியத்தில் நோவு இல்லாத இளம் ஆட்களை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் நூற்றுக்கு 32 பேருக்கும் பெண்களில் 17 பேருக்கும் கால் இயல்பிலேயே 3 பாகை அல்லது அதற்கு மேல் வெளியே வளைந்திருந்தது. அப்படியானவரின் காலை முழு நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் சவ்வுகள் ஒத்துப்போகாமல் இறுகலாம். ஆகவே சிலர் பிறவி வளைவில் கொஞ்சத்தை விட்டு வைக்கிறார்கள்.

திரையில் காட்டும் இலக்கை டொக்டர்தான் கொம்பியூட்டருக்குக் கொடுக்கிறார். அது கொடுத்த இலக்கைப் பிடிக்கும், இலக்கு சரியா என்று சொல்லாது.

கொம்பியூட்டர் முறையில காயம் சின்னன், வலி இல்லை, அடுத்த நாளே வீட்ட போகலாமாம்?

முழங்காலில் வெட்டுக்காயம் ஏறக்குறைய அதே நீளம்தான். அதோடு முளை இறக்கிய இடங்களில் சின்னத் துளைக் காயங்கள் கூடுதலாக இருக்கும். சில டொக்டர்மார் அவற்றைப் பெரிய காயத்துக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள். நேரமும் பத்து இருபது நிமிடம் கூடும். ரோபோ முறையில் முதல் சில நாட்கள் நோவு குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சில மாதம் போனால் யார் எந்த முறையில் செய்தவர் என்று நடையைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

முளைத் துளைகளில் கிருமி பிடிப்பதும், அந்த இடத்தில் எலும்பு வெடிப்பதும் அபூர்வம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குச் சில கிழமைக்குப் பிறகு தொடை நடுவிலோ முன்காலிலோ திடீரென்று புது நோவு வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்பது உங்கள் இதயம், சீனி, வீட்டில் உள்ள படி இவற்றைப் பொறுத்தது. எழுப்பி நிறுத்துவது எந்த முறையிலும் அன்றைக்கோ அடுத்த நாளோதான்.

நடுவில கரண்ட் போனால்?

தியேட்டருக்கு ஜெனரேற்றர் உண்டு. கொம்பியூட்டர் பழுதானாலும், முளை இளகி அளவு நம்ப முடியாமல் போனாலும், பக்கத்தில் வழமையான கருவிப் பெட்டி திறக்கத் தயாராக இருக்கும். கையால் முடிப்பார்கள். கம்பி முறையில் நன்றாகக் கைதேர்ந்த டொக்டர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுகில ஊசி போட்டுச் செய்தால் வாள் சத்தம் கேட்குமோ?

கேட்கலாம். அரைமயக்கத்துக்கு மருந்து கேட்டால் கொடுப்பார்கள். முதலே சொல்லி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலேயே செய்யலாமோ, கொழும்புக்கோ சென்னைக்கோ போக வேணுமோ?

முழங்கால் மாற்று ஒப்பரேசன் என்றால் முதலில் பெரியாஸ்பத்திரி என்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். கொம்பியூட்டர் முறை எங்கே கிடைக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் என்பியல் டொக்டரையே நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கமாட்டார்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே போவது லேசாகிவிட்டது. போவது லேசு, பிறகுதான் கஷ்டம். தையல் வெட்டுவது இரண்டு கிழமையில், பயிற்சி மூன்று மாதம், காயம் கசிந்தால் பார்க்க ஆள் அன்றைக்கே வேண்டும். வெளியில் செய்தால் மூன்று விஷயம் கையோடு கொண்டுவாருங்கள்: ஒப்பரேசன் குறிப்பு, பிந்திய எக்ஸ்ரே, வைத்த மூட்டின் பெயரும் அளவும் தொகுதி இலக்கமும் உள்ள ஒட்டுச்சீட்டு. அந்தச் சீட்டின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. பதினைந்து வருடம் கழித்து நடுத்துண்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், எந்தக் கம்பனி, எந்த அளவு என்று தெரியாமல் இங்குள்ள டொக்டர் என்ன செய்வார்? திரும்பி வரும் பயணத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள். காலில் இரத்தம் கட்டும் ஆபத்து முதல் கிழமைகளில்தான் அதிகம். கனடா மாதிரி நீண்ட பறப்பை மூன்று மாதம் வரை தள்ளிப் போடுவது நல்லது.

செலவு எவ்வளவு வரும்?

ரூபாவில் ஒரு எண் எழுதினால் நீங்கள் வாசிக்கும்போது அது பழையதாகியிருக்கும். அரச வைத்தியசாலையில் தங்குவதற்கும் ஒப்பரேசனுக்கும் காசு இல்லை, ஆனால் மூட்டை வெளியில் வாங்கித் தரச் சொல்லும் நேரம் உண்டு. கிளினிக்கிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள், ஒப்பரேசனுக்கு முதலே.

இந்தியாவில் 2017 ஓகஸ்டில் அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண கொபால்ட்-குரோமிய வகைக்கு அப்போது வரி தவிர 54,720 இந்திய ரூபா. அது மூட்டின் விலை மட்டும். அறை, தியேட்டர், டொக்டர், ரோபோக் கட்டணம் எல்லாம் தனி. இன்னொரு விஷயம்: பெரும்பாலான ரோபோக்கள் தங்கள் கம்பனி மூட்டோடு மட்டும்தான் வேலை செய்யும். ரோபோவைத் தெரிவுசெய்தால் மூட்டையும் தெரிவுசெய்ததாகிவிடும்.

டொக்டரிட்ட என்னத்தைக் கேட்கிறது? கேட்டால் வாய்க்காரர் எண்டு நினைப்பாரோ?

கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை முழங்கால் மாற்றுகிறீர்கள், அதில் எத்தனை இந்த ரோபோவில்? என் காலுக்கு ரோபோ ஏன் தேவை? பாதி முழங்கால் மாற்றினால் போதாதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்து சவ்வுகள் நல்லாக இருந்தால் பாதி மாற்று சிறிய ஒப்பரேசன், மடிப்பும் நன்றாக வரும். அதில் இடம் குறுகியது, கோணம் கொஞ்சம் பிசகினாலும் தாங்காது. ரோபோ அங்கே கைகொடுக்கும்.

எனக்குச் சீனி வருத்தம். ரோபோ எண்டால் பயமில்லையோ?

ரோபோவுக்கும் சீனிக்கும் சம்பந்தம் இல்லை. மூட்டில் கிருமி பிடிப்பது நூற்றுக்கு ஒன்று இரண்டு பேருக்கு. சீனி கட்டுப்படாதவர்களுக்கு அது கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை 8க்கு மேல் நின்றால் பல டொக்டர்மார் திகதியைத் தள்ளிவிடுவார்கள், அது உங்களுக்கு நல்லதுதான். சூத்தைப் பல், கால்விரல் இடுக்குப் புண், சலக்கடுப்பு எல்லாவற்றையும் முதலே சரிசெய்யுங்கள். இரத்தம் உறையாமல் எடுக்கும் குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

கிரந்திச் சாப்பாடு விலக்க வேணுமோ? நண்டு, றால், கத்தரிக்காய்?

உங்களுக்கு முதலே ஒவ்வாமை இல்லாவிட்டால் சாப்பிடலாம். காயம் ஆறப் புரதம் வேண்டும். மீனையும் முட்டையையும் நிறுத்தி வெறும் சோறும் இரசமுமாக ஒரு மாதம் இருந்தவர்களின் தொடைத் தசையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பாவம். கூழ் தாராளமாகக் குடியுங்கள், மீன் நிறையப் போட்டு.

சம்மணம் கட்டி இருக்கலாமோ? கோயிலில விழுந்து கும்பிடலாமோ? பூசையில முழந்தாளில நிற்கலாமோ?

கொம்பியூட்டர் முறையில் செய்தால் கீழே இருக்கலாம் என்று சிலருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 110 முதல் 120 பாகை மடியும். கதிரையிலிருந்து எழும்ப, படி ஏற அது தாராளம். சம்மணம், குந்துவது, தொழுகையில் இருப்பது எல்லாவற்றுக்கும் அதைவிடக் கூட வேண்டும். முன்பே நன்றாக மடிந்த காலுக்குப் பிறகும் நன்றாக மடியும். இறுகிய காலுக்கு ரோபோ மந்திரம் போடாது. குந்துகிற கக்கூசு மட்டும் இருந்தால் ஒப்பரேசனுக்கு முதல் கொமட் போட்டுவிடுங்கள்.

முழந்தாளிடுவது ஆபத்தல்ல. காயம் நன்றாக ஆறிய பிறகு மெத்தை வைத்துப் பழகலாம். ஆனால் பலருக்கு அந்த இடம் மரத்தும் கூசியும் இருப்பதால் பிடிக்காது. நல்லூரில் பிரதட்டை, அடியழிப்பு செய்கிறவர்கள் அந்த நேர்த்தியை ஒப்பரேசனுக்கு முதல் முடித்துவிட்டு வாருங்கள். திருவிழாவுக்கு நடந்து போவதென்றால் மூன்று மாதம் விட்டுப் போங்கள். அதற்கு முதல் மணலில் கால் புதையும், சனம் இடிக்கும்.

சைக்கிள் ஓடலாமோ?

ஓடலாம், நல்லது. முதலில் நிற்கிற சைக்கிளில், இருக்கையை உயர்த்தி, ஆறு கிழமை அளவில். ரோட்டில் ஓடுவது பிறகு. பயம் ஓடுவதில் அல்ல, சட்டென்று காலை ஊன்றி இறங்குவதில்.

ரண்டு காலையும் ஒரே நாளில ரோபோவில முடிச்சிடலாமோ? ஒருக்காத்தானே மயக்கம்.

சிலருக்கு முடியும். 75 தாண்டியவர், இதய வருத்தக்காரர், மிகப் பருமனானவர் என்றால் ஒவ்வொன்றாகச் செய்வது பாதுகாப்பு. இரத்த இழப்பும் உடம்புக்கு வரும் சுமையும் இரட்டிப்பு, அதை ரோபோ குறைத்துத் தராது. வீட்டில் யார் தூக்குவது என்றும் யோசியுங்கள். ஒரு கால் நல்லாக இருந்தால் அதை ஊன்றி எழும்பலாம்.

ஒப்பரேசன் முடிஞ்சு மூண்டாம் கிழமை காய்ச்சல் வந்திட்டுது. காயத்தாலயோ, டெங்குவோ?

மாரி காலத்தில், கார்த்திகை மார்கழியில், இது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். இரண்டும் இருக்கலாம், வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. இரத்தம் உறையாமல் அஸ்பிரினோ வேறு குளிசையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள். டெங்கு என்றால் இரத்தத் தட்டுகள் குறையும், அந்த மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம். நோவுக்கு எடுக்கும் இபுபுரோபன், டைக்குளோபினாக் வகைகளும் அப்படியே. காய்ச்சல் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "முழங்கால் மாற்றினது, இந்தக் குளிசைகள் எடுக்கிறேன்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். காயம் சிவந்து, சூடாகி, கசிந்தால் ஒப்பரேசன் செய்த டொக்டருக்கும் அன்றே தெரிவியுங்கள். பார்மசியில் நீங்களாக அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடிப்பதுதான் மிக மோசம். கிருமியை அரைகுறையாக மறைத்துவிடும், பிறகு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

திரையில எல்லாம் 0 பாகை, சரி எண்டு படம் காட்டினவை. ஆறு மாதமாப் போச்சு, இன்னும் நோகுது. ஆர் பிழை?

உங்களைப் போல் பலர் இருக்கிறார்கள். எந்த முறையில் செய்தாலும் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார். கோடு சரியாக இருப்பது ஒன்று, நோவு போவது இன்னொன்று. திரையில் காட்டிய எண் எலும்பைப் பற்றியது, தசையைப் பற்றியோ நரம்பைப் பற்றியோ அது பேசாது.

ஆறு மாதத்தில் கொஞ்ச வீக்கமும் இரவில் சூடும் சிலருக்கு இருக்கும், ஒரு வருடம் வரை குறைந்துகொண்டே வரும். குறைந்து வருகிறதா, ஏறி வருகிறதா என்று பாருங்கள். ஏறி வந்தால் ஒழுங்காகத் தேட வேண்டும். முதலில் கிருமி: இரத்தப் பரிசோதனை, தேவையென்றால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பது. பிறகு எக்ஸ்ரே: மூட்டு இளகியதா, முளைத் துளையில் வெடிப்பா. அதற்குப் பிறகு இடுப்பையும் முதுகையும் சோதியுங்கள். இடுப்பு மூட்டுத் தேய்மானம் முழங்காலில் நோவாக வருவது வழமை, அப்படியானவருக்கு நல்ல முழங்காலையே மாற்றியிருக்கவும் கூடும். கடைசியாகத் தொடைத் தசை: கட்டிலில் நேராகப் படுத்து, முழங்காலை மடிக்காமல் குதியை ஒரு சாண் தூக்கி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். பிடிக்க முடியாமல் நடுங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் இயன்மருத்துவப் பகுதிக்கு வாருங்கள். ஒட்டுச்சீட்டையும் எக்ஸ்ரேயையும் கொண்டுவாருங்கள்.